இனிப்பின் விலை: சி. எஸ். லூயிசின் சிறுவர் கதையில் சோதனையும் மீட்பும்

சிறுவர் செய்யும் பாவத்தைக் குறித்துத் திருச்சபை பெரும்பாலும் இரு குரல்களில் பேசி வந்திருக்கிறது. ஒரு குரல் அதனை அறியாப் பருவத்தின் குறும்பு எனக் கூறிப் புன்னகையோடு விட்டுவிடும். மற்றொரு குரல் ஏதேன் தோட்டத்துக் கனியை எடுத்துக்காட்டி, தண்டனையை நினைவூட்டி, குழந்தையை நடுங்கவைக்கும். முதற்குரல் பாவத்தைப் பாவமாகக் கொள்வதில்லை. இரண்டாம் குரல் குழந்தையைக் குழந்தையாகக் கொள்வதில்லை. இவ்விரண்டும் அல்லாத வேறொரு வழி உண்டோ என்னும் வினா ஞாயிறு பள்ளி நடத்தும் ஒவ்வொருவருக்கும், பிள்ளைகளைத் திடப்படுத்தலுக்கு ஆயத்தப்படுத்தும் ஒவ்வொரு போதகருக்கும் எழும் வினாவாகும். அவ்வினாவோடு ஒரு சிறுவர் நூலை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நாம் எடுத்துக்கொண்ட நூல், சி. எஸ். லூயிஸ் எழுதி 1950இல் இலண்டனில் வெளிவந்த 'சிங்கமும் சூனியக்காரியும் உடை அலமாரியும்' என்பது. 1898இல் பெல்பாஸ்ட் நகரில் பிறந்த லூயிஸ், ஆக்ஸ்போர்டிலும் பின்னர்க் கேம்பிரிட்ஜிலும் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர், குருப்பட்டம் பெறாத ஆங்கிலிக்கத் திருச்சபையினர், 1963இல் மறைந்தார். 1950க்கும் 1956க்கும் இடையே வெளிவந்த நார்னியாக் கதைகள் ஏழனுள் இதுவே முதலில் வந்தது. இந்நூலைச் சிங்கத்தின் கதையாகவே பலரும் படிக்கின்றனர். பெரிய வெள்ளி, உயிர்ப்பு நாள் பிரசங்கங்களில் எடுத்தாளுகின்றனர். நாமோ இதனை எட்மண்ட் என்னும் சிறுவனின் கதையாகப் படிக்க விரும்புகிறோம். அவன் விழாதிருந்தால் சிங்கம் சாக வேண்டுவதில்லை.

1. கதையின் போக்கு

இரண்டாம் உலகப் போரில் இலண்டன்மீது குண்டுகள் விழுந்த காலத்தில், பீட்டர், சூசன், எட்மண்ட், லூசி என்னும் நான்கு உடன்பிறப்புகள் நாட்டுப்புறத்தில் ஒரு முதிய பேராசிரியரின் வீட்டுக்கு அனுப்பப்படுகின்றனர். அங்குள்ள உடை அலமாரியின் வழியே நார்னியா என்னும் நாட்டுக்குள் நுழைகின்றனர். அந்நாட்டை வெள்ளைச் சூனியக்காரி கைப்பற்றியிருக்கிறாள். அவளால் அங்கு எப்பொழுதும் பனிக்காலமே, கிறிஸ்துமஸ் மட்டும் வருவதில்லை. தனியே நுழைந்த எட்மண்டை அவள் சந்திக்கிறாள். சூடான பானமும் 'டர்க்கிஷ் டிலைட்' என்னும் இனிப்பும் தருகிறாள். உடன்பிறப்புகளை அழைத்து வந்தால் அரசனாக்குவதாக வாக்களிக்கிறாள். பின்னர் நால்வரும் நார்னியாவுக்குள் வந்தபோது, மற்றவர்கள் பீவர் தம்பதிகளின் வீட்டில் பேசிக்கொண்டிருக்கையில், எட்மண்ட் நழுவிச் சென்று அவர்களைக் காட்டிக்கொடுக்கிறான். அவள் அவனைக் கொல்ல முனைகையில் சிங்கமாகிய அஸ்லானின் படை அவனை மீட்கிறது. துரோகியின் உயிர் தனக்கே உரியது என அவள் வழக்குரைக்க, அவனுக்கு ஈடாக அஸ்லான் கல்மேசையின்மேல் உயிர் கொடுத்து, மறுநாள் விடியலில் உயிர்த்தெழுகிறது.

2. சோதனையின் உள்ளமைப்பு

டர்க்கிஷ் டிலைட் என்பது மாவும் சர்க்கரையும் கிளறி, பன்னீர் மணமூட்டி, துண்டுகளாக்கிச் சர்க்கரைப்பொடி தூவிய பண்டம். ஏறக்குறைய நம் அல்வாவின் உறவு. இதற்காகவா ஒரு சிறுவன் உடன்பிறந்தாரை விற்பான் என இன்று படிப்போர் வியக்கலாம். நூல் வெளிவந்த காலத்தை எண்ணிப் பார்த்தால் வியப்புத் தணியும். போர்க்காலத்தில் பிரிட்டனில் இனிப்புப் பண்டங்கள் பங்கீட்டு அட்டைக்குக் கொடுக்கப்பட்டன; அப்பங்கீடு 1953 பிப்ரவரியில்தான் முற்றிலும் நீங்கியது. ஆதலின் 1950இல் இந்நூலைக் கையிலெடுத்த ஆங்கிலச் சிறுவனுக்கு ஒரு பெட்டி நிறைய இனிப்பு என்பது கதையில் மட்டுமே காணக்கூடிய செல்வமாயிருந்தது. எட்மண்டை இகழுமுன் அவனோடு சேர்ந்து நாவூற வேண்டிய நிலையில் முதல் வாசகர் இருந்தனர்.

எனினும், எட்மண்டின் வீழ்ச்சியை இனிப்பின் கதையாக மட்டும் கொள்வது பிழை. லூயிஸ் சோதனையைப் படிப்படியாக அமைக்கிறார். முதலில் குளிர் தீர்க்கும் பானம். அதில் தீமையொன்றும் வெளிப்படத் தெரியவில்லை. அடுத்து, உனக்கு மிகவும் விருப்பமானது எது என்னும் கேள்வி. சோதிக்கிறவள் தன் பொருளை அவன்மேல் திணிப்பதில்லை, அவன் விருப்பத்தையே அவன் வாயிலிருந்து பெறுகிறாள். அவன் தின்றுகொண்டிருக்கையில் உடன்பிறப்புகளைப்பற்றி வினவுகிறாள். வாய் நிறைந்திருப்பதால் அவன் மறைக்க வேண்டியவற்றையெல்லாம் கூறிவிடுகிறான். பின்னர்ப் பதவி ஆசை: அவன் இளவரசன், பின்பு அரசன், மற்றவர்கள் அவனுக்குக் கீழே சிறு பட்டங்கள் பெறுவர். இறுதியில் இச்சந்திப்பை ஒருவருக்கும் சொல்லாதே என்னும் கட்டளை. அவள் அவனை அறிவும் அழகும் உடையவன் எனப் புகழும் வேளையில், சிவந்த முகமும் பிசுபிசுத்த வாயும் விரல்களுமாய் அவன் நிற்பதை ஆசிரியர் நமக்குக் காட்டுகிறார். புகழுரை அவன் காதில். உண்மை நம் கண்ணில்.

இச்சை கருத்தரித்துப் பாவத்தைப் பிறப்பிக்கும் முறையை யாக்கோபு தமது நிருபத்தில் (1:14, 15) கூறுவதற்கு இக்காட்சி நல்ல விரிவுரை எனலாம். இனிப்பு வருமுன்னரே எட்மண்ட் லூசியை எள்ளித் துன்புறுத்தியவன். பீட்டருக்குக் கீழ்ப்பட்டிருப்பதை வெறுத்தவன். சூனியக்காரி அவனுள் புதிதாக ஒன்றையும் விதைக்கவில்லை. இருந்ததற்கு நீர் வார்த்தாள். பீவர் வீட்டிலிருந்து பனியில் நடந்து செல்கையில், தான் அரசனானால் போடும் சாலைகளையும், தனக்கெனக் கட்டும் திரையரங்கையும், பீவர்களுக்கெதிராக இயற்றும் சட்டங்களையும், பீட்டரை அடக்கிவைப்பதையும் அவன் எண்ணிக்கொண்டே போகிறான். அவ்வெண்ணங்களில் இனிப்பைவிட அண்ணனே பெரிய இடம் பெறுகிறான். சூனியக்காரி அவ்வளவு தீயவளாக இருக்கமாட்டாள் என அவன் தன்னையே தேற்றிக்கொள்ளுகிறான். ஆயினும் உள்ளத்தின் ஆழத்தில் அவள் கொடியவள் என்பதை அறிந்தேயிருந்தான் என ஆசிரியர் ஐயமறக் கூறிவிடுகிறார். சிறுவனுக்கும் மனச்சான்று உண்டு, அது பேசும்போது அவனுக்குக் கேட்கிறது என்பதில் லூயிஸ் உறுதியாயிருக்கிறார். இதுவே குழந்தைக்கு அவர் செய்யும் முதல் மரியாதை.

3. விளைவு: தண்டனையா, அறுவடையா?

சிறுவரின் பாவத்துக்கு விளைவு காட்டுவதில் ஐரோப்பியச் சிறுவர் இலக்கியத்துக்கு நீண்ட மரபு உண்டு. இந்தியாவில் சில ஆண்டுகள் வாழ்ந்து திரும்பிய மேரி மார்த்தா ஷெர்வுட் அம்மையார் 1818இல் வெளியிட்ட 'ஃபேர்சைல்டு குடும்பம்' அம்மரபில் பெயர்பெற்றது. அதில் எமிலி என்னும் சிறுமி வீட்டு அலமாரியிலிருந்த பழப்பாகைத் திருடித் தின்கிறாள். ஆடையிற் பட்ட கறையைக் கழுவி மறைக்கிறாள். ஈர உடையால் காய்ச்சல் கண்டு சாவின் விளிம்புவரை செல்கிறாள். தமக்குள் சண்டையிட்ட பிள்ளைகளைத் தந்தை தூக்குமரத்தில் தொங்கும் கொலைகாரனின் உடலருகே அழைத்துச் செல்லும் காட்சியும் அந்நூலில் உண்டு. ஜெர்மனியில் ஹாஃப்மன் என்னும் மருத்துவர் 1845 முதல் வெளியிட்ட படக்கதைகளில், விரல் சூப்பும் சிறுவனின் கட்டைவிரல்கள் கத்தரிக்கோலால் வெட்டப்படுகின்றன. தீக்குச்சியோடு விளையாடிய சிறுமி சாம்பலாகிறாள். இத்தகைய கதைகளில் பாவத்துக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பு வெளியிலிருந்து கட்டப்பட்டது. கடவுள் ஒளிந்திருந்து பிடிக்கும் காவலராகத் தோன்றுகிறார். குழந்தை கற்றுக்கொள்வது பாவத்தின் இயல்பையன்று, அகப்படுவதன் அச்சத்தையே.

லூயிஸ் வேறு வழியில் செல்கிறார். எட்மண்டின்மேல் இடி விழவில்லை. அவன் விரும்பியதே அவனைத் தண்டிக்கிறது. மேலங்கியையும் மறந்து பனியில் விழுந்து எழுந்து அடிபட்டு அரண்மனையை அடைகிறான். அங்கே இனிப்புக் கேட்டவனுக்குக் காய்ந்த ரொட்டியும் தண்ணீரும் கிடைக்கின்றன. அரசனாவதாக எண்ணியவன் அடிமையாய் இழுத்துச் செல்லப்படுகிறான். வாக்குக் கொடுத்தவள் வாக்கை மீறினாள் என்பதைவிட, அவளிடம் கொடுப்பதற்கு வேறொன்றும் முதலிலிருந்தே இல்லை என்பதே உண்மை. விதைத்ததையே அறுப்பான் எனப் பவுலடியார் கலாத்தியருக்கு எழுதியது இங்கு உருவம் பெறுகிறது. பாவம் செய்தாய், ஆகவே தண்டனை என்பதனினும், பாவமே இத்தகையது எனக் காட்டுவது கடினமான கலை. லூயிஸ் அதனைச் செய்திருக்கிறார்.

இத்துன்பம் எட்மண்டை உடனே திருத்திவிடவில்லை என்பதும் குறிக்கத்தக்கது. துன்பத்தில் அவன் முதலில் தன்னைக் குறித்தே இரங்குகிறான். திருப்பம் வேறோரிடத்தில் நேர்கிறது. வழியில் சிறு விலங்குகள் சில கிறிஸ்துமஸ் விருந்துண்டு மகிழ்ந்திருக்கின்றன. சினங்கொண்ட சூனியக்காரி அவற்றைக் கல்லாக்க எழும்போது, வேண்டாம் என எட்மண்ட் கதறுகிறான். அவள் நிறுத்தவில்லை, அவனை அறைகிறாள். இக்கதையில் அவன் தன்னையன்றி வேறொருவருக்காக இரங்குவது இதுவே முதன்முறை என ஆசிரியர் சொல்லுகிறார். மனந்திரும்புதலின் தொடக்கத்தைத் தண்டனையைக் கண்ட அச்சத்தில் வையாமல் பிறர்மீது கொண்ட இரக்கத்தில் வைத்திருப்பது நம் கருத்தில் இந்நூலின் மிகச் சிறந்த இடம். நம் எழுப்புதல் கூட்டங்களில் பிள்ளைகளை அழவைப்பதே மனந்திரும்புதல் என எண்ணுவோர் இவ்விடத்தை ஊன்றிப் படித்தல் நலம். தன்னைக் குறித்து அழும் கண்ணீர் தானாகவே ஒருவனைக் கடவுளிடம் கொண்டுசேர்ப்பதில்லை. காயீனும் தன் தண்டனையின் பாரத்தைக் குறித்து முறையிட்டவன்தானே.

4. பீட்டரின் அறிக்கை

பெரும்பாலான விமர்சனங்கள் கவனியாது கடந்துசெல்லும் ஒரு சிறு நிகழ்ச்சியை இங்குச் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். எட்மண்ட் முன்னரே நார்னியாவுக்கு வந்திருந்தும் வரவில்லையெனப் பொய் சொல்லி லூசியை அவமானப்படுத்தினான் என்பது வெளிப்பட்டபோது, பீட்டர் அவனை எல்லார் முன்பும் கடிந்து, இழிந்த விலங்கென்று திட்டுகிறான். அவன் சொன்னது பொய்யன்று. ஆனால் அந்த நிமிடத்திலேயே எட்மண்ட் இவர்கள் எல்லாரையும் பழிவாங்குவேன் எனத் தனக்குள் உறுதிசெய்கிறான். அதுவரை ஊசலாடிய மனம் நேர்மையான ஒருவனின் கடுஞ்சொல்லால் துரோகத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

பின்பு அஸ்லான், நான்காமவன் எங்கே என வினவும்போது, அவன் துரோகஞ்செய்து ஓடிவிட்டான் எனப் பீவர் கூறுகிறது. அவ்வேளையில் பீட்டர் முன்வந்து, அதில் தன் குற்றமும் ஓரளவு உண்டென்றும், தான் சினந்ததே அவன் கெட்டுப்போகத் துணைசெய்தது என்றும் அறிக்கையிடுகிறான். அஸ்லான் அவனைப் பழிக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. அவனைப் பார்த்தபடி நிற்கிறது. அந்த மௌனத்தின் முன் நாமும் நிற்க வேண்டியவர்கள். காணிக்கைப் பணத்தைத் தொட்ட பிள்ளையை வகுப்பின் நடுவே எழுப்பி நிறுத்திய ஆசிரியர் உண்டு. அவன் தவற்றைப் பெயர் சொல்லாமலும் ஊரறியுமாறு பிரசங்கத்தில் உரைத்த போதகர் உண்டு. அவர்கள் கூறியது உண்மையாகவே இருந்திருக்கும். அப்பிள்ளை பின்னர்ச் சபையைவிட்டு அகன்றபோது, அதில் எங்கள் பங்கும் உண்டென அறிக்கையிட்டவர் எத்தனைபேர்? ஒரு குழந்தையின் பாவம் அக்குழந்தைக்கே முழுதும் உரியது எனவும், அதே வேளையில் மூத்தோருக்கும் அதில் பங்குண்டு எனவும், ஒன்றை மற்றொன்றால் குறைக்காமல் லூயிஸ் கூறுகிறார்.

5. ஒருவரும் கேளாத உரையாடல்

மீட்கப்பட்ட எட்மண்ட் விடியற்காலையில் அஸ்லானோடு பனித்துளி படர்ந்த புல்லில் தனியே நடக்கிறான். இருவரும் பேசியது என்ன என்பதை ஆசிரியர் நமக்குச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை என்கிறார். எட்மண்ட் அதனை என்றும் மறவான் என்பதே நாம் அறிவது. பின்னர் அவனை உடன்பிறப்புகளிடம் கொண்டுவந்து, கடந்ததைக் குறித்து இனி அவனோடு பேச வேண்டுவதில்லை என அஸ்லான் கூறிவிடுகிறது. எட்மண்ட் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே மன்னிப்புக் கேட்கிறான்; ஒவ்வொருவரும் மன்னிக்கின்றனர். அறிவுரை வாசகத்துக்கு இவ்வளவு நல்ல வாய்ப்பு வாய்த்தும் அதனை விட்டுவிட்ட எழுத்தாளர் சிலரே.

இங்கே மன்னிப்பின் ஒழுங்கு தெளிவாயிருக்கிறது. குற்றம் மூடி மறைக்கப்படவில்லை; கேட்க வேண்டியவரிடம் மன்னிப்புக் கேட்கப்படுகிறது. ஆயினும் அது காட்சிப்பொருளாக்கப்படவில்லை. சீர்திருத்தத் திருச்சபைகளாகிய நாம், அறிக்கையிடுதலைக் குருவின் காதுக்கு மட்டும் உரியதாக்குவதை மறுத்தோம். ஆனால் அதனை ஊரின் காதுக்கு உரியதாக்கிவிட்டோமோ என்னும் ஐயம் நமக்கு எழுகிறது.

6. ஈடும் சட்டமும்

கதை இத்துடன் முடிந்திருந்தால், மனம்வருந்தினால் போதும் என்னும் இனிய அறநூலாய் முடிந்திருக்கும். ஆனால் சூனியக்காரி வந்து, துரோகி ஒவ்வொருவனும் ஆதிமுதல் தனக்குரிய இரை என்கிறாள். அந்த இரத்தம் தனக்குக் கிடைக்காவிடில் நார்னியாவே அழியும் என்கிறாள். இவ்விடத்தில் இறையியல் மாணவர் உடனே ஒரு தடை எழுப்புவர். மீட்பின் விலை பிசாசுக்குச் செலுத்தப்பட்டது என நிசாவின் கிரகோரியார் முதலியோர் கொண்ட பழைய கொள்கையையன்றோ லூயிஸ் புதுப்பிக்கிறார்? பிசாசுக்கு மனிதர்மேல் நியாயமான உரிமை ஏதும் இல்லையென அன்செல்ம் 1098இல் முடித்த நூலிலேயே மறுத்துவிட்டாரே?

நூலைக் கூர்ந்து நோக்கினால் செய்தி அவ்வளவு எளிதன்று. அந்தச் சட்டம் சூனியக்காரியுடையதன்று. கடலுக்கப்பாலுள்ள பேரரசர் ஆதியில் இட்டது. அவள் வெறும் தூக்கிலிடுபவள் என்பதைப் பீவரே இடித்துரைக்கிறது. அச்சட்டத்துக்கு மாறாக ஏதேனும் செய்யக்கூடாதா எனச் சூசன் கேட்கும்போது அஸ்லானின் முகம் மாறுகிறது; பேரரசரின் சட்டத்தை மீறி மீட்பது மீட்பன்று. சட்டத்தின் அடியில் அதனினும் ஆழ்ந்த வேறொன்று உண்டு; துரோகமறியாத ஒருவர் துரோகிக்காக மனமுவந்து இறக்கையில் சாவே பின்னோக்கித் திரும்பும். ஆகவே இதனை ஈட்டுக்கொள்கை எனலாம். வெற்றிக்கொள்கை எனவும் கூறலாம். தம் நூல்கள் உருவகக் கதைகள் அல்ல, அத்தகைய உலகில் மீட்பர் வந்தால் எவ்வாறிருக்கும் என்னும் கற்பனையே என்று லூயிஸ் கூறியிருப்பதையும் நினைவிற்கொள்ளுதல் தகும். இதனை வரிக்குவரி கோட்பாடாக்க முற்படுவோர் ஏமாற்றமடைவர்.

சிறுவர் வாசகருக்கு இதனால் விளங்குவது ஒன்று. ஒரு பெட்டி இனிப்புக்காகச் செய்த தவறும் அற்பமன்று. அதனைச் சரிசெய்யப் பெரிய விலை வேண்டியிருந்தது. அவ்விலை அச்சிறுவனிடம் கேட்கப்படவில்லை.

7. குறைகள்

நூலில் குறையில்லையெனக் கூறோம். முதலாவது, இனிப்பில் மந்திரம் கலந்திருந்தது என்பதும், தின்றவர் சாகுமட்டும் தின்ன விரும்புவர் என்பதும் எட்மண்டின் பொறுப்பை மங்கச்செய்கின்றன. அண்ணன்மீது கொண்ட பொறாமையை ஆசிரியர் இடையறாது காட்டிவருவதால் இக்குறை ஓரளவே நீங்குகிறது. இரண்டாவது, எட்மண்ட் கெடத் தொடங்கியது அவன் சேர்ந்த பள்ளியில்தான் என இறுதியில் ஒரே வாக்கியத்தில் கூறி முடிப்பது, பாவத்தின் வேரைப்பற்றி அதுவரை எழுதியவற்றுக்குப் பொருந்தவில்லை. மூன்றாவது, சோதிப்பவளை மீண்டும் ஒரு பெண்ணாகவே அமைத்திருப்பது. ஏவாளைக் கூறியே பெண்களை அடக்கிய திருச்சபைகளில் இதனை எச்சரிக்கையோடு எடுத்தாள வேண்டும். அஸ்லானின் சாவுக்கும் உயிர்ப்புக்கும் முதற்சாட்சிகள் இரு சிறுமியரே என்பதையும் உடன் கூறவேண்டும்.

நான்காவது பெரிது. தனக்காக அஸ்லான் செய்ததை எட்மண்ட் அறிவானா என லூசி கேட்கிறாள். அதனை அறிவது அவனுக்குத் தாங்கொணாதது எனச் சூசன் எண்ணுகிறாள். அறியத்தான் வேண்டும் என்கிறாள் லூசி. பேச்சு இடையில் முறிந்து, வினா விடையின்றி நின்றுவிடுகிறது. மீட்கப்பட்டவன் மீட்பின் விலையை அறியவேண்டாமா? சிலுவையைச் சொல்லாத மன்னிப்பு நற்செய்தியாகுமா? இந்நூலளவில் இது குறையே என நாம் கருதுகிறோம்.

ஆயினும், இதற்கு மறுமொழி போன்றதொன்று 1952இல் வந்த 'விடியல் யாத்திரைக் கப்பலின் பயணம்' என்னும் கதையில் உண்டு. அங்கே பேராசையால் வேதாளப் பாம்பாக மாறிய யூஸ்டஸ் என்னும் சிறுவன் அஸ்லானால் மீண்டும் மனித உருப் பெறுகிறான். வெட்கத்தோடு நிற்கும் அவனுக்கு எட்மண்டே ஆறுதல் கூறுகிறான்: நீ மூடனாயிருந்தாய், அவ்வளவே, நான் துரோகியாயிருந்தவன் என்று. அஸ்லான் தன்னை மீட்டதையும் அவனே சொல்லுகிறான். அவன் கடந்த காலத்தைக் குறித்து மற்றவர் பேசலாகாது எனத் தடுக்கப்பட்டது. அவனோ, விழுந்த இன்னொருவனைத் தூக்கிவிடுவதற்காக அதனைத் தானே எடுத்துப் பேசுகிறான். குற்றத்தின் வரலாறு மன்னிக்கப்பட்டவனின் உடைமையாகிவிட்டது. அது பிறர் கையில் கல். அவன் கையில் சாட்சி.

8. முடிவுரை

இந்நூலை ஞாயிறு பள்ளியில் பயன்படுத்த விரும்புவோர் சிங்கத்தின் சாவை மட்டும் பிரித்தெடுத்துக் கூறாதிருப்பார்களாக. எட்மண்டைப் பிள்ளைகள் முதலில் சந்திக்கட்டும். அவனோடு பனியில் நடக்கட்டும். காய்ந்த ரொட்டியைக் காணட்டும். நீங்கள் யாரைப் போன்றவர்கள் என்னும் கேள்வியை அவர்களிடம் கேட்க வேண்டுவதில்லை. விடை அவர்களுக்குத் தெரியும். அதனை எல்லார் முன்பும் சொல்லவைப்பது இந்நூல் கற்பிப்பதற்கே மாறானது.

போதகராகப் போகும் மாணவருக்கு இன்னொரு சொல். தவறிய பிள்ளையொன்று நாளை உங்கள் இல்லத்துக்கு அழைத்து வரப்படலாம். தந்தை சினத்தோடும், தாய் கண்ணீரோடும், உங்கள் வாயிலிருந்து ஒரு பிரசங்கத்தை எதிர்பார்த்து நிற்பர். அப்போது அப்பிள்ளையோடு சற்று நேரம் தனியே நடந்துவர அவர்களிடம் அனுமதி கேளுங்கள். திரும்பி வந்தபின், என்ன பேசினீர்கள் என்பதை ஒருவருக்கும் சொல்லாதீர்கள்.